அழகப்ப வள்ளல்

மழை வளம் குறைந்த செட்டிநாட்டில் ஊருணி இல்லாத ஊரைக் காண்டல் அரிது. கார்காலத்தில் வானம் தரும் நீரைத் தேக்கி, கோடையிலும் ஊரார் அனைவர்க்கும் உதவுமாறு காத்து நிற்பது அவ்வூருணியேயாம். நீர் எத்துணைப் பெருகி வரினும் கரை இல்லையேல் ஒரு பொழுதில் ஓடி மறையும். கரை எத்துணை உயர்ந்திருப்பினும் நீர் வாராதேல் அது வெறும் பள்ளமே. கல்விக்கென அளிக்கப்படும் கொடையும் இத்தகையதே. செல்வர் வழங்கும் பொருள் நீர் போன்றது. அப்பொருள் யாவர்க்கு, எவ்வாறு, எத்துணைக் காலம் பயன்பட வேண்டும் என வரையறுக்கும் விதி கரை போன்றது. இவ்விரண்டும் ஒருங்கே பொருந்திய வாழ்க்கையொன்றைக் காண விழைவார்க்குக் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் தோன்றிய டாக்டர் இராம. அழகப்பச் செட்டியாரின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இவ்வரலாற்றை நாம் எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆண்டுதோறும் கல்லூரி திறந்த சில வாரங்களில் உபகாரச் சம்பளத்திற்கு விண்ணப்பிக்கும் காலம் வருகின்றது. வருமானச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்குப் புத்தகம் என ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கும் மாணாக்கரின் அல்லல் நம் கல்லூரியில் யாவரும் அறிந்ததே. சென்ற ஆண்டு நம் வகுப்புத் தோழர் ஒருவர், தந்தையாரின் பெயர் ஒரு சான்றில் ஒருவாறும் மற்றொன்றில் வேறுவாறும் எழுதப்பட்டிருந்தமையால், மும்முறை ஊருக்கும் கல்லூரிக்குமாக அலைந்தார். இறுதியில் மனம் நொந்து, பழைய வள்ளல்களுள் ஒருவர் இருந்திருப்பின் இத்துணைத் தாளும் முத்திரையும் வேண்டாவே என வருந்தினார். அவ்வமயம் அவருக்குத் தக்க விடை கூற நாம் அறிந்திலேம். அழகப்பரின் வரலாற்றைக் கற்ற பின்னரே அவ்விடை நமக்குப் புலனாயிற்று.

பிறப்பும் கல்வியும்

அழகப்பர் 1909ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் நாள் கோட்டையூரில் பிறந்தார். தந்தையார் இராமநாதன் செட்டியார். அந்நாளில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர் 1985 முதல் சிவகங்கை மாவட்டத்தில் அடங்கியது. நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளிற் கடை வைத்து, வட்டித் தொழிலும் வாணிகமும் நடத்திப் பெரும்பொருள் ஈட்டியவர் என்பது நாடறிந்த செய்தி. அக்குலத்துச் சிறுவர் எண்ணும் எழுத்தும் கற்று, பேரேடு எழுதப் பழகிய இளம்பருவத்திலேயே கப்பலேறிக் கடைக்குச் செல்வது வழக்கமாயிருந்தது. கல்லூரிக் கல்வி அவர்களுக்கு இன்றியமையாதது என எவரும் கருதிலர்.

அழகப்பரோ வேறு வழியிற் சென்றார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று மிடில் டெம்பிளில் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். இலண்டனில் சார்ட்டர்டு வங்கியிற் பயிற்சியும் பெற்றார். வானவூர்தி செலுத்தவும் கற்றுத் தகுதிச் சான்று பெற்றார். தாய்நாடு திரும்பியவர், முன்னோர் தொழிலாகிய வட்டிக்கடையோடு அமையாது புதிய தொழில்களில் முதல் இட்டார். 1937இல் அந்நாளைய கொச்சி நாட்டில் அவர் நிறுவிய பஞ்சாலையைச் சுற்றி எழுந்த ஊர் இன்றும் அழகப்பநகர் எனவே வழங்குகின்றது. ஜூபிட்டர் ஏர்வேஸ் என்னும் வானவூர்திக் கழகமும் அவர் தொடங்கியதே. 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டபோது நகரத்தார் பலர் தலைமுறை தலைமுறையாக ஈட்டிய செல்வத்தை இழந்து வெறுங்கையராய் மீண்டனர். நிலமும் பொன்னும் நில்லா என்பதைச் செட்டிநாடு கண்ணாரக் கண்ட காலம் அது.

மகமை என்னும் மரபு

அழகப்பரின் கொடைக்கு வித்து அவர் கற்ற கல்வியில் மட்டும் இருந்ததென்று கூறுதல் பொருந்தாது. நகரத்தாரிடையே மகமை என ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. வாணிகத்தில் வரும் பொருளில் ஒரு சிறு பகுதியை அறத்திற்கென முதலிலேயே ஒதுக்கி, கணக்கில் தனியே பற்று வரவு எழுதி வைப்பர். அப்பணம் கோயில் திருப்பணிக்கும், அன்ன சத்திரத்திற்கும், பாடசாலைக்கும், ஊருணி வெட்டுதற்கும் செலவாகும். மனம் இரங்கியபோது கொடுத்து, இரங்காதபோது மறுப்பது அன்று இது. கணக்கேட்டில் ஏறிய கடன் போல அறமும் ஓர் எண்ணாக நின்று, கொடுத்தே தீரவேண்டிய கடமையாயிற்று. இவ்வாறு கொடைக்கு விதி வகுக்கும் பழக்கம் அரசாங்கத்தார் கற்பித்துச் செட்டிநாடு அறிந்ததன்று. அது கடைப் பேரேட்டிலேயே இருந்தது.

கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தோற்றுவித்ததும், அது 1928ஆம் ஆண்டின் சட்டத்தால் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்ததும் அழகப்பரின் இளமைக் காலத்து நிகழ்ச்சிகள். ஒரு தனி மனிதரின் கொடை சட்டமன்றத்தின் விதியால் நாட்டின் உடைமையாகும் விதத்தை அவர் அருகிருந்து கண்டிருப்பார் என நாம் கருதுவதில் தவறில்லை.

ஒரே ஆண்டில் இரு செயல்கள்

1944ஆம் ஆண்டில் அழகப்பர் ஐந்து இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். அக்கொடையால் கிண்டியில் தோன்றியதே அவர் பெயர் தாங்கிய தொழில்நுட்பக் கல்லூரி. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்குப் பேராசிரியர் பதவி ஏற்படவும் அவர் பொருள் உதவினார். தமிழ் பயிலும் நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதாம்.

அதே 1944ஆம் ஆண்டில் தில்லியில் வேறொரு செயல் நிகழ்ந்தது. பட்டியல் சாதியினராகிய மாணாக்கர் மெட்ரிகுலேஷன் தேறிய பின்னும் மேற்படிப்புத் தொடருமாறு இந்திய அரசாங்கத்தார் உபகாரச் சம்பளத் திட்டமொன்றைத் தொடங்கினர். வைசிராயின் நிர்வாக சபையில் அப்போது உறுப்பினராயிருந்த டாக்டர் அம்பேத்கரின் முயற்சி அதன் பின்னே இருந்தது. அழகப்பரின் கொடை ஒரு கல்லூரியைத் தந்தது; அம்பேத்கர் வேண்டிப் பெற்ற விதி அத்தகைய கல்லூரிகளின் வாயிலில் ஏழை மாணாக்கன் திரும்பிப் போகாதிருக்க வழி செய்தது. கல்லூரி இல்லையேல் உபகாரச் சம்பளம் பெற்றவனுக்குச் செல்ல இடமில்லை. உபகாரச் சம்பளம் இல்லையேல் கல்லூரி எழுந்தும் அவனுக்குப் பயனில்லை. ஒருவரை ஒருவர் அறியாமலே இருவரும் ஒரே அறத்தின் இரு பாதியை ஒரே ஆண்டில் நிறைவேற்றினர் எனலாம்.

காரைக்குடிக்குக் கல்லூரி

1947ஆம் ஆண்டு அன்னி பெசன்ட் அம்மையார் பிறந்த நூற்றாண்டு. அதனையொட்டிச் சூலைத் திங்களில் சென்னையில் நிகழ்ந்த கூட்டமொன்றில், பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், நாட்டில் கல்லூரிகள் போதாமையை எடுத்துக் கூறி, செல்வர்கள் முன்வரவேண்டும் என வேண்டினார். கூட்டத்திலிருந்த அழகப்பர் அவ்விடத்திலேயே எழுந்து, காரைக்குடியில் ஒரு கல்லூரி அமைக்கத் தாம் சித்தமாயிருப்பதாகத் தெரிவித்தார். ஆகஸ்டு 11ஆம் நாள், அதாவது நாடு விடுதலை பெறுதற்கு நான்கு நாள் முன்னர், காரைக்குடியில் காந்தி மாளிகை என்னும் கட்டடத்தில் அழகப்பா கலைக் கல்லூரி தொடங்கிற்று. வாக்களித்த நாளுக்கும் வகுப்புத் தொடங்கிய நாளுக்கும் இடையே இரு திங்கள்கூட ஆகவில்லை.

செட்டிநாட்டுச் சிற்றூர்களின் பிள்ளைகள் அதுகாறும் பட்டப் படிப்பை நாடி மதுரைக்கோ, திருச்சிராப்பள்ளிக்கோ, சென்னைக்கோ செல்ல வேண்டியிருந்தது. படிப்புச் சம்பளத்தைக் காட்டிலும் விடுதிச் செலவே பெரிதாகும். செல்வர் வீட்டுப் பிள்ளை செல்வான்; உழவன் பிள்ளை பள்ளியிறுதியோடு நிற்பான். பெண்மக்களைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை. கல்லூரி ஊருக்கு வந்தமை அன்னாருக்கெல்லாம் கட்டணச் சலுகையைவிடப் பெரிய உதவியாயிற்று.

நிற்க. வள்ளலின் வாக்கு ஒன்றே கல்லூரியாகிவிடாது என்பதையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். பல்கலைக்கழகம் ஒரு கல்லூரிக்கு இணைப்பு வழங்குமுன் கேட்பவை பல. தகுதி வாய்ந்த ஆசிரியர் உளரா? நூல்நிலையமும் ஆய்வுக்கூடமும் போதியவா? கட்டடம் உண்டா? ஆண்டுதோறும் நடத்துதற்குப் போதிய மூலதனம் வைக்கப்பட்டுள்ளதா? இவற்றையெல்லாம் குழுவொன்று நேரில் வந்து பார்க்கும். இக்கேள்விகள் கொடையாளியை ஐயுறுவதற்காக எழுந்தவை அல்ல. கொடையாளி மறைந்த பின்னும் மாணாக்கன் நடுத்தெருவில் நில்லாமற் காப்பதற்காக எழுந்தவை.

விதியற்ற கொடையும் விதியுற்ற கொடையும்

விதியில்லாத கொடை என்னாகும் என்பதற்குச் சென்னை நகரமே சான்று பகரும். பச்சையப்ப முதலியார் 1794இல் தம் பெருஞ்செல்வத்தை அறத்திற்கென எழுதி வைத்து இறந்தார். உயிலை நிறைவேற்ற வேண்டியவர் ஒழுங்காக நிறைவேற்றாமையால் அப்பொருள் நெடுங்காலம் வழக்கிற் சிக்கியது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முயன்று, சென்னை உயர்நீதி மன்றத்தின் முன்னோடியாகிய சுப்ரீம் கோர்ட்டு ஒரு திட்டம் வகுத்த பின்னரே 1842இல் அவர் பெயரால் பள்ளி எழுந்தது. கொடுத்தவர் மறைந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. அவ்வளவு காலமும் கற்றிருக்கக் கூடிய சிறுவர்களுக்கு அக்கொடையால் விளைந்த பயன் யாதொன்றும் இல்லை.

பின்னர் 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை இந்நாட்டில் உதவி மானிய முறையைத் தோற்றுவித்தது. நல்ல உலகியற் கல்வி அளித்தல், பொறுப்புள்ள உள்ளூர் நிர்வாகம் இருத்தல், அரசினர் பார்வையிட இசைதல், சிறிதாயினும் கட்டணம் பெறுதல் ஆகிய நிபந்தனைகளுக்கு உட்பட்ட பள்ளிக்கு, அதனை நடத்துவோர் எம்மதத்தினராயினும், அரசாங்கம் பொருளுதவி செய்யும் என்பது அதன் கருத்து. நம் மிஷன் கல்லூரிகள் பல இத்தென்னாட்டில் வேரூன்றித் தழைத்தது அம்மானியத்தின் துணையால் என்பதை நாம் மறத்தல் கூடாது.

1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம் இவ்வழியை மேலும் செம்மைப்படுத்திற்று. அரசின் பொருளுதவி பெறும் கல்விக்கூடம் மதம், இனம், சாதி, மொழி என்னும் காரணங்களால் மட்டும் எவருக்கும் இடம் மறுத்தலாகாது என 29ஆம் பிரிவு கூறுகின்றது. அத்தகைய கூடங்களில் ஒருவரை அவர் இசைவின்றிச் சமய போதனையில் கலந்துகொள்ளுமாறு வற்புறுத்தலாகாது என 28ஆம் பிரிவு விலக்குகின்றது. சிறுபான்மையோர் நடத்துவது என்னும் காரணத்தால் ஒரு கல்விக்கூடத்திற்கு மானியம் வழங்குவதில் அரசு வேற்றுமை பாராட்டலாகாது என 30ஆம் பிரிவு காக்கின்றது. முன்னிரண்டும் கல்லூரி மாணாக்கனுக்குச் செலுத்த வேண்டிய கடன். பின்னது அரசு கல்லூரிக்குச் செலுத்த வேண்டிய கடன். பணம் பெறுபவரும் தருபவரும் ஒருங்கே கட்டுப்படுதலே இவ்விதிகளின் சிறப்பாம்.

அமெரிக்க நாட்டிலும் இந்நெறியே காணப்படுகின்றது. 1862இல் அதிபர் லிங்கன் காலத்தில் அந்நாட்டுக் கூட்டரசு, உழவும் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகள் எழுமாறு மாநிலங்களுக்கு நிலம் வழங்கச் சட்டம் செய்தது. 1965இல் இயற்றப்பட்ட உயர்கல்விச் சட்டம் வறிய மாணாக்கர்க்கு உதவித்தொகையும் கடனும் கிடைக்கச் செய்தது. அதற்கு முந்திய ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ, கூட்டரசின் பணத்தை ஏற்கும் எந்தக் கல்லூரியும் இனத்தையோ நிறத்தையோ காட்டி ஒருவரை விலக்கலாகாது என முன்னரே கரையிட்டு வைத்திருந்தது.

முந்நூறு ஏக்கர் நிலம்

விடுதலை பெற்ற இந்தியா ஆராய்ச்சி நிலையங்களை நாடெங்கும் அமைக்க முற்பட்டபோது, அவற்றுள் ஒன்றைக் காரைக்குடிக்குக் கொணர அழகப்பர் விரும்பினார். முந்நூறு ஏக்கர் நிலத்தையும் பதினைந்து இலட்சம் ரூபாயையும் அவர் அளித்தார். 1948 சூலை 25ஆம் நாள் பிரதமர் நேரு காரைக்குடிக்கு வந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14ஆம் நாள், பொங்கற் காலத்தில், குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். கல்லூரிகள் பலவற்றிற்குத் தம் பெயரை இட்ட வள்ளல், எல்லாவற்றினும் பெரிய இக்கொடைக்குத் தம் பெயரை இட்டாரல்லர். அது நாட்டின் நிலையமாய், நாட்டின் விதிப்படி நடக்கத் தந்துவிட்டார். மழை பொய்க்கும் அச்செம்மண் காட்டில் உலகறிந்த விஞ்ஞானக்கூடம் எழுந்தது இவ்வாறே.

1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும், 1952இல் பொறியியற் கல்லூரியும் காரைக்குடியில் தோன்றின. தொழிற்பயிற்சிக்கும், உடற்கல்விக்கும், மகளிர் கல்விக்கும், சிறு குழந்தைகளின் கல்விக்கும் தனித்தனி நிலையங்கள் எழுந்தன. தாம் வாழ்ந்த இல்லத்தையும் மகளிர் கல்விக்கென அவர் ஈந்த செய்தியைச் செட்டிநாட்டார் இன்றும் வியந்து கூறுவர். பிரிட்டிஷார் அளித்த சர் பட்டத்தை நாடு விடுதலை பெற்றபோது துறந்த அவருக்கு, இந்திய அரசாங்கத்தார் பத்மபூஷண் விருது வழங்கினர்.

மறைவும் நிலைபேறும்

நோயால் நலிவுற்றிருந்த அழகப்பர் 1957ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். மறுநாள் விடிந்திருப்பின் அவருக்கு நாற்பத்தெட்டு ஆண்டு நிறைந்திருக்கும். கல்லூரி தொடங்கிய நாள் முதல் மறைந்த நாள் வரை எண்ணினால் பத்தாண்டுகூட முழுமையாகவில்லை. அவ்வளவு குறுகிய காலத்தில் எழுந்த நிலையங்கள் அவரோடு சாய்ந்திருப்பின் எவரும் வியந்திரார். ஆனால் அவை சாயவில்லை.

கலைக் கல்லூரியும் பொறியியற் கல்லூரியும் பிற்காலத்தில் அரசுக் கல்லூரிகளாயின. 1985இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் உதித்தது. கல்லூரி ஒன்றேனும் வேண்டும் என ஏங்கிய நாட்டிற்குப் பிற கல்லூரிகளை ஆராய்ந்து இணைப்பு வழங்கும் அதிகாரமே வந்து சேர்ந்தது. அழகப்பர் ஈந்த பொருளைப் பலர் கண்டு வியப்பர். அப்பொருளைத் தம் கையிலும் தம் குடியிலும் இறுகப் பற்றி வையாது, பல்கலைக்கழகத்தின் விதிக்கும் அரசின் விதிக்கும் உட்படுமாறு விட்டுக் கொடுத்த உள்ளத்தை நாம் அதனினும் பெரிதாக மதிக்கின்றோம். பொருளைத் தருவது ஓர் ஈகை. அதன்மீதுள்ள ஆட்சியையும் தருவது அதனினும் அரிய ஈகை.

இனி, நம் தோழருக்கு விடை கூறுவோம். பாரியும் குமணனும் தம்மை நாடி வந்த புலவனுக்கு ஈந்தனர். வாயில் வரை வந்து பாட வல்லவனே பரிசில் பெற்றான். வழியறியாதவனும், வாய் திறக்க நாணியவனும் வெறுங்கையோடிருந்தனர். உபகாரச் சம்பளத்தின் விதி பாடச் சொல்வதில்லை, புகழச் சொல்வதில்லை, எவர் வீட்டு வாயிலிலும் நிற்கச் சொல்வதில்லை. உரியவன் என்பதற்குச் சான்று மட்டும் கேட்கின்றது. அச்சான்று பெறுதற்கு ஓர் ஏழை மூன்று முறை அலைய நேர்வது குறையே. அதனைக் களைய வேண்டும் என நாமும் உரத்துக் கூறுவோம். ஆயினும் கரையில் ஓர் உடைப்புக் கண்டால் அடைப்பது அறிவுடைமை. கரையே வேண்டா என்பது நீரை இழப்பதாகும். வள்ளலின் முன் அவர் இரவலராக நின்றிருப்பார். விதியின் முன் உரிமையுடையவராக நிற்கின்றார். தை மாதத்தில் அவர் கணக்கில் உபகாரச் சம்பளம் வந்து சேர்ந்தது. எவருக்கும் கும்பிடு போடாமல் அவர் தேர்வுக் கட்டணம் செலுத்தியதை நாம் உடனிருந்து கண்டோம்.

நம் கல்லூரியில் பயின்று வெளியேறிய பெரியோர் பலர் இவ்விதழைப் படிப்பர். நாமும் ஒரு நாள் பொருளீட்டுவோம். அன்று மகமை போல ஒரு சிறு பகுதியைக் கணக்கில் முதலிலேயே எழுதி வைப்போமாக. அதனை நம் மனம் போனவாறு வழங்காது, முகமறியாத மாணாக்கன் ஒருவன் உரிமையோடு பெறத்தக்க விதியோடு வழங்குவோமாக. கோட்டையூர் வள்ளலுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி இதனினும் வேறில்லை.